கொழுப்பு சுரக்கும் காவல் புரதம்: அடிப்சின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் சயான் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். இப்போது ஓய்வு. ஆனால் மாட்டுங்காவில் காலை நடைக்குப் போனால் ஓய்வு கிடைப்பதில்லை. ஃபைவ் கார்டன்ஸில் ஒரு சுற்று முடிவதற்குள் யாராவது ஒரு ரிப்போர்ட்டை நீட்டிவிடுகிறார்கள். சில மாதமாக எல்லார் கைப்பேசியிலும் ஒரே வாட்ஸப் செய்தி: "நம் உடம்புக் கொழுப்பே சர்க்கரை நோயைத் தடுக்கும் புரதத்தைச் சுரக்கிறது. அதன் பெயர் அடிப்சின். இளைக்க வேண்டாம், மருந்தும் வேண்டாம்."

இதில் பாதி உண்மை, பாதி வம்பு. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன. நான் டாக்டர் இல்லை, லேப்காரி. மருந்தைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் உங்கள் டாக்டரிடம்தான்.

"அடிப்சினா? அடிக்க வர்ற மாதிரி இருக்கே பேரு. என்னக்கா அது?"

கொழுப்புத் திசு செய்து ரத்தத்தில் விடும் ஒரு சின்னப் புரதம். கொழுப்புத் திசுவுக்கு ஆங்கிலத்தில் அடிபோஸ் என்று பெயர். புரதத்தை வெட்டும் செரிமான நொதி ஒன்றுக்கு டிரிப்சின் என்று பெயர். முன்னதன் தலையும் பின்னதன் வாலும் சேர்ந்தால் அடிப்சின். டிரிப்சினும் இதுவும் ஒரே குடும்பம்: இரண்டும் புரதத்தை வெட்டுகிற கத்தரிகள். டிரிப்சின் குடலில் வருவதையெல்லாம் வெட்டும். அடிப்சின் அப்படியில்லை, மகா பிடிவாதக்காரன். ரத்தத்தில் அது வெட்டுவதாகத் தெரிந்திருப்பது ஒரே ஒரு புரதத்தைத்தான், அதுவும் குறிப்பிட்ட ஒரு நிலையில் இருக்கும்போது மட்டும். அது எது என்பது கீழே வரும்.

அடிபோனெக்டின் என்று இன்னொன்று இருக்கிறது. அதுவும் கொழுப்பிலிருந்து வருவதுதான், ஆனால் வேறு ஆள், வேறு வேலை. வாட்ஸப் செய்திகளில் பாதி இரண்டையும் குழப்பிக்கொள்கின்றன.

"கொழுப்பு சும்மா தொங்கிட்டுக் கிடக்கிற சதை. அது எப்படி எதையாவது சுரக்கும்?"

ரொம்ப நாள் விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். மிஞ்சிய சாப்பாட்டை அடுக்கி வைக்கும் கிடங்கு என்பதுதான் கொழுப்புக்கு அவர்கள் கொடுத்திருந்த மரியாதை. அந்தக் கிடங்குக்குள் ஒரு தபால் ஆபீசும் நடக்கிறது என்பது மெதுவாகத்தான் தெரிய வந்தது.

1987-இல் பாஸ்டனில் புரூஸ் ஸ்பீகல்மேன் என்பவரின் ஆய்வுக் குழு, எலியின் கொழுப்புத் திசுவிலிருந்து ரத்தத்துக்குப் போகும் ஒரு புரதத்தைப் பற்றி எழுதியது. அதுதான் அடிப்சின். அந்தக் கட்டுரையிலேயே ஒரு வேடிக்கை உண்டு: கொழுப்பைத் தவிர, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பிலும் அதே புரதம் இருந்தது. பசியை அடக்கும் லெப்டின் வந்து கொழுப்பைப் பிரபலமாக்கியது 1994-இல்தான். அதற்கு ஏழு வருஷம் முந்தியது அடிப்சின். முதலில் வந்தவனை விட்டுவிட்டுப் பிறகு வந்தவனுக்கு மாலை போட்டார்கள்.

"கொழுப்புன்னா கொலஸ்ட்ரால்தானே? என் ரிப்போர்ட்ல 220-ன்னு போட்டிருக்கே, அதுவா இதைச் சுரக்குது?"

இல்லை. இந்த ஒரு குழப்பம் தீர்ந்தால் பாதிக் கேள்விகள் தானாக உதிர்ந்துவிடும். ரிப்போர்ட்டில் வரும் கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் ரத்தத்தில் மிதந்து போகும் சரக்கு. அதற்கு உயிர் கிடையாது, அது எதையும் சுரக்காது. கொழுப்புத் திசு என்பது உயிருள்ள செல்களின் கூட்டம். தோலுக்கு அடியிலும் வயிற்றுக்குள்ளும் இருக்கிறது, அதற்கென்று ரத்தக் குழாய்களும் நரம்புகளும் உண்டு. அடிப்சினைச் செய்வது அந்தச் செல்கள்.

ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பைக் கண்ணால் பார்க்கலாம். ஒருமுறை ஒருவர் காலையில் பூரி மசாலாவை முடித்துவிட்டு வந்து, "வெறும் வயிறுதான்" என்று சாதித்தார். ரத்தத்தை எடுத்து உறையவிட்டு, மெஷினில் சுற்றி எடுத்தால் மேலே தெளிந்த மஞ்சளாக, நீர்த்த தேநீர் மாதிரி சீரம் நிற்க வேண்டும். அவர் குழாயில் நின்றது ஆவின் பால். குழாய்க்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியவில்லை. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பூரி ரெண்டுதான் மேடம்" என்றார்.

"நோய் எதிர்ப்புன்னா வெள்ளை அணுக்கள்தானே? இந்தப் புரதத்துக்கு அங்க என்ன வேலை?"

வெள்ளை அணுக்கள் வந்து சேர நேரமாகும். அதுவரை ரத்தத்திலேயே ஒரு காவல் படை கரைந்து கிடக்கிறது. அதற்குக் காம்ப்ளிமென்ட் என்று பெயர். கிட்டத்தட்ட எல்லாமே புரதங்கள், பெரும்பாலானவற்றைச் செய்வது கல்லீரல். சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான வி.டி.ஆர்.எல். டெஸ்ட் கையால் செய்த காலத்தில் லேபில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியாமலே தெரியும். டெஸ்டுக்கு முன்னால் சீரத்தை 56 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் அரை மணி நேரம் வைப்போம். ஏன் என்று சேர்ந்த புதிதில் கேட்டபோது சீனியர் சொன்னார்: "உள்ளே காம்ப்ளிமென்ட் முழிச்சிருந்தா டெஸ்டைக் கெடுக்கும், தூங்க வைக்கணும்." அரை மணி நேரச் சூட்டில் அடங்கிப்போகிற அந்தப் படைதான் இது.

அதில் முக்கியமானவர் சி3. ரத்தத்தில் நிறைய உண்டு, ஒரு மில்லி லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு மில்லி கிராம். எந்தக் காரணமும் இல்லாமலே எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துகொண்டிருக்கும். உடைந்த துண்டு கிருமி மேல் பட்டால் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் ஃபேக்டர் பி என்ற புரதம் வந்து உட்காரும். இந்த இடத்தில்தான் நம் ஆள் வருகிறார்: உட்கார்ந்த பி-யை அடிப்சின் வெட்டுகிறது. வெட்டியதும் அந்த ஜோடி தானே ஒரு கத்தரியாகி, பக்கத்தில் போகும் சி3-களை உடைக்கத் தொடங்கும். அவையும் கிருமி மேல் ஒட்டும், ஒட்டியவற்றின் மேல் மறுபடி பி, மறுபடி வெட்டு. ஒன்று பத்தாகிப் பத்து நூறாகும். கடைசியில் கிருமியின் சவ்வில் ஓட்டை விழும். உடையும்போது சிதறும் சி3ஏ என்ற சின்னத் துண்டு வேறு ஊரைக் கூட்டும். இந்தச் சி3ஏ-யை நினைவில் வையுங்கள், சுகர் கேள்வியில் திரும்ப வரும்.

நம் செல்களை ஏன் ஓட்டை போடுவதில்லை என்றால், அவற்றின் மேல் இந்தச் சங்கிலியை அறுத்துவிடும் காவல் புரதங்கள் இருக்கின்றன. அடிப்சினும் சும்மா இருக்கும்போது மடக்கி வைத்த கத்தரிதான். பி சரியான இடத்தில் உட்கார்ந்தால்தான் விரியும். இந்த வழிக்கு மாற்று வழி என்று பெயர். இப்படி ஒன்று இருப்பதாக 1954-இல் லூயிஸ் பில்லெமர் என்ற அமெரிக்க விஞ்ஞானி சொன்னபோது பலர் நம்பவில்லை, எதிர்த்து எழுதவும் செய்தார்கள். 1957-இல் அவர் இறந்துவிட்டார். அவர் சொன்னது சரி என்று உலகம் ஒப்புக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

"யூடியூப்ல ஒருத்தர் ஃபேக்டர் டி-ங்கிறார், நீங்க அடிப்சின்ங்கிறீங்க. எது சரி?"

இரண்டும் ஒரே ஆள். வீட்டில் ஒரு பெயர், ஆபீசில் ஒரு பெயர். நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காரர்கள் மேலே சொன்ன வெட்டும் வேலைக்காரனுக்கு ஃபேக்டர் டி என்று பெயர் வைத்திருந்தார்கள். கொழுப்பு ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் பக்கம் கிடைத்ததை அடிப்சின் என்றார்கள். எலியின் அடிப்சின் ஃபேக்டர் டி-யின் வேலையைச் செய்கிறது என்று 1989-இல் தெரிந்தது. மனிதனிலும் இரண்டும் ஒன்றே என்று 1992-இல் உறுதியானது. கல்லீரல் செய்யும் படையில் இந்த ஒருவரை மட்டும் முக்கியமாகக் கொழுப்பு அனுப்புவது ஏன் என்பது இன்னும் சுவாரசியமான விஷயம்.

அளவிலும் இவர் தனி. ஒரு மில்லி லிட்டரில் 1 முதல் 2 மைக்ரோ கிராம்தான், அதாவது சி3-இன் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு. குறைவாக இருப்பதால்தான் அந்தச் சங்கிலியின் வேகமே இவர் கையில் இருக்கிறது.

"இது இல்லாமயே யாராவது பொறந்திருக்காங்களா?"

உண்டு, ஆனால் மிக மிக அரிது. நெதர்லாந்தில் ஒரு குடும்பத்தைப் பற்றி 2001-இல் எழுதினார்கள். அடிப்சின் மரபணுவில் ஒரு பிழை, அதனால் புரதமே உண்டாவதில்லை. அவர்களைத் தாக்கியது மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமி. மற்றக் கிருமிகளை வேறு வழிகளில் சமாளித்துவிடும் உடம்புக்கு, இந்த வகைக் கிருமிகளை அழிக்கச் சவ்வில் ஓட்டை போடும் வேலை கட்டாயம் வேண்டியிருக்கிறது.

பிறவியிலேயே உடம்பில் கொழுப்புத் திசு இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ரத்தத்திலும் அடிப்சின் குறைவு. எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

"சரி, சுகருக்கு வாங்க. இது சுகரைத் தடுக்குமா தடுக்காதா?"

எலிகளில் கதை தெளிவாக இருக்கிறது. 2014-இல் ஸ்பீகல்மேன் குழுவிலிருந்தே வந்த ஆய்வு: அடிப்சின் இல்லாத எலிகளைக் கொழுப்புத் தீனி கொடுத்து வளர்த்தால் சர்க்கரை கட்டுக்குள் நிற்கவில்லை. உடம்பு இன்சுலினை மதிக்காததல்ல அங்கே கோளாறு; கணையமே போதிய இன்சுலின் விடவில்லை. காரணம் நான் நினைவில் வைக்கச் சொன்ன சி3ஏ. அடிப்சின் தொடங்கி வைக்கும் சங்கிலியில் உண்டாகும் அந்தத் துண்டு, கணையத்தின் பீட்டா செல்களைத் தட்டி இன்சுலினை வெளியே விட வைக்கிறது. சர்க்கரை நோய் எலிகளுக்கு அடிப்சினைத் திருப்பிக் கொடுத்தபோது இன்சுலின் கூடியது. கிருமியை அடிக்கப் போகிற படை போகிற வழியில் கணையத்துக்கும் ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போகிறது.

2019-இல் நியூயார்க்கில் ஜேம்ஸ் லோ குழு இன்னும் ஒரு படி போனது. அடிப்சின் இருந்தால் எலிகளின் பீட்டா செல்கள் நாளாவட்டத்தில் செத்துப்போகாமல் தாக்குப்பிடிக்கின்றன என்றார்கள். மனிதர்களில், 5,500 பேருக்கு மேல் பார்த்ததில், ரத்தத்தில் அடிப்சின் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சுகர் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. வாட்ஸப் செய்தி பிறந்தது இங்கேதான். ஆனால் கூடுதலாக இருந்தவர்களுக்குக் குறைவாக வந்தது என்பது ஒன்று, அடிப்சினால்தான் வரவில்லை என்பது வேறு. மனிதனுக்கு அடிப்சினை ஊசியாகப் போட்டுச் சுகரைக் குறைத்த மருந்து எதுவும் கடைக்கு வரவில்லை.

"அப்ப குண்டா இருந்தா அடிப்சின் ஜாஸ்தி, சுகர் வராது. கணக்கு சரியா வருதே அக்கா?"

முலுண்டிலிருந்து வரும் ஒரு தம்பி கேட்டது. கேட்கும்போதே வடாபாவ் கையில் இருந்தது. கணக்கு காகிதத்தில் சரி, உடம்பில் தப்பு. மரபணுக் கோளாறால் ஊதிப்போன எலிகளில் கொழுப்பு கூடக் கூட அடிப்சின் படுவேகமாகக் குறைந்துவிடுகிறது. மனிதர்களில் அப்படிக் குறைவதில்லை, பெரும்பாலும் அதே அளவோ கொஞ்சம் கூடவோ இருக்கும். எலிக் கதையை அப்படியே மனிதனுக்கு ஒட்ட முடியாத இடம் இது.

இன்னொன்று, கொழுப்பு அனுப்பும் தபால் அடிப்சின் மட்டும் இல்லை. 1993-இல் அதே ஸ்பீகல்மேன் ஆய்வுக்கூடத்தில், பருத்த எலிகளின் கொழுப்புத் திசு டி.என்.எஃப்.-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தையும் விடுகிறது, அது இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது என்று கண்டார்கள். 2003-இல் மற்றவர்கள் பார்த்தபோது, பருத்த கொழுப்புத் திசுவுக்குள் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளை அணுக்கள் குடியேறி நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தன. தொப்பை பெருக்கும்போது நல்ல தபால் நாலு வந்தால் மொட்டைக் கடிதம் நாற்பது வரும். நாலை மட்டும் பிரித்துப் படிக்கச் சொல்கிறது வாட்ஸப்.

அந்தச் செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்திய ஒருவரை எனக்குத் தெரியும். மூன்று மாத சராசரிச் சர்க்கரை 7.1-இலிருந்து 9.4-க்குப் போய் நின்றது. 6.5-ஐத் தொட்டாலே சுகர் என்று எழுதுகிற டெஸ்ட் அது.

"நான் ஒல்லிதான், தொப்பை மட்டும் லேசா இருக்கு. எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லதானே?"

நம் ஆட்களுக்குத்தான் அதிக சம்பந்தம். பூனா கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சி.எஸ். யாஜ்னிக் தன்னையே உதாரணமாக வைத்து 2004-இல் ஒரு படம் வெளியிட்டார். பக்கத்தில் நின்றவர் லண்டன் டாக்டர் ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 22.3, ஒரே எண். ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. பார்க்க ஒரே மாதிரி, உள்ளே இரட்டிப்புக்கு மேல். அதனால்தான் இந்தியர்களுக்கு அளவுகோலை இறக்கி வைத்திருக்கிறார்கள்: பி.எம்.ஐ. 23-இலிருந்து கூடுதல் எடை, வயிற்றுச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் கவனம்.

தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் தையற்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், "என் இடுப்பு 34 தாம்மா, முப்பது வருஷமா அதே சைஸ் பேன்ட்" என்றார். அவர் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பையே வாங்கி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவில் வைத்து, மூச்சை விடச் சொல்லிச் சுற்றினேன். 39. பேன்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனதால் சைஸ் மாறவில்லை. டேப்பை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார். "ஊரு இடுப்பெல்லாம் அளந்தேன், என் இடுப்பை அளக்கலியே" என்றார்.

"அடிப்சின் டெஸ்ட் எங்க எடுக்கலாம்? முழு பாடி செக்கப்ல வருமா?"

வராது. ஆராய்ச்சிக் கூடங்களில் அளக்கிறார்கள், ஆனால் "இவ்வளவு இருந்தால் நல்லது, இவ்வளவுக்குக் கீழே போனால் மருந்து" என்று டாக்டர்கள் கையில் வைத்திருக்கும் அட்டவணை கிடையாது. அட்டவணை இல்லாத டெஸ்ட் பணத்துக்குக் கேடு. வழக்கமாக லேபில் பார்ப்பது சி3, அதே காவல் படையின் இன்னொரு புரதமான சி4 இரண்டும். லூபஸ் போன்ற, உடம்பின் எதிர்ப்புப் படை உடம்பையே தாக்கும் நோய் சந்தேகம் இருந்தால் எழுதுவார்கள்.

இந்தப் படையை அளப்பதே தொல்லை பிடித்த வேலை. ரத்தம் குழாய்க்கு வந்த பிறகும் சங்கிலி ஓடிக்கொண்டேயிருக்கும். சும்மா மேஜையில் வைத்தால் சி3ஏ குழாயிலேயே பெருகி, உடம்பில் இல்லாத அளவை ரிப்போர்ட் காட்டும். அதனால் இ.டி.டி.ஏ. என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் ரசாயனம் போட்ட ஊதா மூடிக் குழாயில் எடுத்து, ஐஸில் வைத்து, சட்டென்று பிரிக்க வேண்டும். இ.டி.டி.ஏ. மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும்; மக்னீசியம் இல்லாமல் பி உட்காராது, பி உட்காராமல் அடிப்சின் வெட்டாது. மும்பை மே மாதத்தில், சாம்பிளைப் பையில் போட்டு லோக்கல் டிரெயினில் தொங்கிக்கொண்டு வரும் பையனை நம்பி இதைச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

அளவைச் சிறுநீரகமும் ஆட்டி வைக்கிறது. ரத்தத்தில் உள்ளதில் மணிக்கு ஏறக்குறைய 60 சதவீதத்தைச் சிறுநீரகம் வடிகட்டி உடைத்துத் தீர்த்துவிடுகிறது; கொழுப்பு அதே வேகத்தில் புதிதாக அனுப்புகிறது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் அளவு பத்து மடங்கு வரை ஏறும்.

"இதைக் கூட்ட ஏதாவது பவுடர், கஷாயம்?"

கிடையாது. விற்கிறார்கள் என்றால் அடிப்சினை விற்கவில்லை, பெயரை விற்கிறார்கள். இது புரதம், வாயில் போட்டால் அதன் உறவுக்காரன் டிரிப்சினே குடலில் வெட்டித் தின்றுவிடுவான்.

"நல்ல புரதம்னா அதைக் குறைக்க ஏன் மாத்திரை கண்டுபிடிக்கிறாங்க?"

நல்ல கேள்வி. கேட்டது எம்.எஸ்சி. படிக்கும் பெண். நம் செல்கள் மேல் காவல் புரதங்கள் உண்டு என்று மேலே சொன்னேன் இல்லையா? பி.என்.எச். என்ற அரிய நோயில் சிவப்பணுக்களுக்கு அந்தக் காவல் இல்லை. சொந்தப் படையே அவற்றை உடைக்கும். காலைச் சிறுநீர் கோலா நிறத்தில் போகும். 2007-இலிருந்து இதற்கு ஊசி மருந்து உண்டு, சங்கிலியின் கடைசிக் கண்ணியை நிறுத்தும். ஓட்டை விழுவது நிற்கும், ஆனால் சி3 ஒட்டிக்கொண்டேயிருக்கும். ஒட்டிய அணுக்களைக் கல்லீரலும் மண்ணீரலும் தின்னும், ரத்தசோகை தொடரும். அதனால் சங்கிலியின் தலையிலேயே, அதாவது அடிப்சினிலேயே கை வைக்கும் டானிகோபான் என்ற மாத்திரை 2024-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. ஊசியோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். தொடங்குமுன் மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசி போட வேண்டும். ஏன் என்று அந்த நெதர்லாந்துக் குடும்பத்தைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா இடத்திலும் இது பலிக்கவில்லை. முதுமையில் விழித்திரை தேயும் நோய் ஒன்றுக்கு, அடிப்சினைக் கட்டிப்போடும் லாம்பலிசுமாப் என்ற ஊசியைக் கண்ணுக்குள் போட்டுப் பார்த்தார்கள். பெரிய சோதனைகளில் 2017-இல் தோற்றது.

"அப்பாவுக்கு டயாலிசிஸ். கிட்னி போனா அடிப்சின் பத்து மடங்குன்னீங்க. அவருக்கு இப்ப சுகரும் குறையுது. அதனாலதானா?"

செம்பூரிலிருந்து ஒரு பெண் கேட்டார். இல்லையம்மா. சிறுநீரகம் இன்சுலினையும் உடைத்து வெளியேற்றும் இடம். அது படுத்துவிட்டால் போட்ட இன்சுலின் நெடுநேரம் ரத்தத்தில் தங்கும், சாப்பாடும் குறையும், அதனால் சர்க்கரை இறங்கும். சுகர் குணமாகிறது என்று அர்த்தம் இல்லை. ராத்திரி மிகவும் தாழ்ந்து மயங்கும் ஆபத்து உண்டு. பழைய அளவிலேயே இன்சுலின் போடுகிறாரா என்று டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். மூன்று மாத சராசரி டெஸ்டையும் டயாலிசிஸில் அப்படியே நம்பக் கூடாது. சிவப்பணுக்கள் சீக்கிரம் மடிவதால் எண் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும்.

பத்து மடங்கு அடிப்சின் அங்கே வரமும் இல்லை. வெட்டும் கத்தரி அதிகமாகக் கிடந்தால் அழற்சிக்குத்தான் தோது.

"கொழுப்பு தானே செய்யற புரதம், கொழுப்பையே கொல்லுமா?"

கொல்லும். பாராகேர்-சைமன்ஸ் என்று ஒரு அரிய நோய் உண்டு, பெண்களுக்குத்தான் அதிகம். சிறு வயதில், சில சமயம் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு, முகத்திலிருந்து தொடங்கிக் கழுத்து, கை, மார்பு என்று மேலிருந்து கீழாகக் கொழுப்பு கரைந்துபோகும். இடுப்புக்குக் கீழே அப்படியே இருக்கும். இவர்களில் பலருக்கு, அடிப்சின் வெட்டி உண்டாக்கிய அந்தக் கத்தரி ஜோடி பிரியாமல் பிடித்து வைக்கும் ஒரு எதிர்ப்புரதம் ரத்தத்தில் இருக்கிறது. வழக்கமாகச் சில நிமிஷத்தில் பிரிந்துவிட வேண்டிய ஜோடி அது. பிரியாவிட்டால் சி3 தீருமளவுக்கு உடைந்துகொண்டேயிருக்கும். அடிப்சின் சுரக்கும் இடம் கொழுப்பு என்பதால் சண்டை மூளுவதும் அதன் வாசலிலேயே. ரிப்போர்ட்டில் சி3 மட்டும் மிகக் குறைவாக, சி4 சரியாக இருக்கும். சிலருக்குச் சிறுநீரகமும் கெடுவதால் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"எல்லாம் சரி. இப்ப நெய் சாப்பிடலாமா கூடாதா? அதைச் சொல்லுங்க."

பதினைந்து நிமிஷம் மேலே உள்ளதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு மாமா கேட்டது. அடிப்சினுக்கு நெய்யைப் பற்றி அபிப்பிராயம் இல்லை. உங்கள் டிரைகிளிசரைடுக்கு இருக்கலாம். பன்னிரண்டு மணி நேரம் நிஜமாகவே வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு, அந்த ரிப்போர்ட்டோடு நாளைக்கு வாருங்கள் மாமா. பூரி வேண்டாம்.